ஊசி போட்ட மறுநாள் யார் வருவார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திரும்பச் சொல்கிறேன். பாலக்காட்டு எல்லையில், சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, கேரளச் சித்தூர்) ஒரு சுகாதார மையத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தமிழ் பேசும் கூலிக் குடும்பங்களும் மலையடிவாரத்துப் பழங்குடிக் குடும்பங்களும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக் கூப்பிட்டால் வருவதில்லை. அதைவிடச் சங்கடமான விஷயம், உங்கள் மையத்து ஊழியர்களிலேயே இரண்டு மூன்று பேருக்குத் தடுப்பூசி மேல் முழு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதம் ஒரு விழிப்புணர்வு வகுப்பு வைக்கப் போகிறீர்கள். "என்ன சொன்னால் நம்புவார்கள்?" என்பது உங்கள் கேள்வி.

அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊசி போடுகிறவரை அந்த அம்மா எதை வைத்து நம்புவார்? தனக்கு மேலே இருப்பவர்களை ஊசி போடுகிறவர் எதை வைத்து நம்புவார்? இரண்டுக்கும் வகுப்பில் பதில் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஊசி போட்ட மறுநாள் யார் வந்து நின்றார்கள் என்பதில்தான் கிடைத்தது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் 1991-இல் ஜே.பி.எச்.என். ஆகச் சேர்ந்தவள். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் என்பார்களே, அந்த வேலை. 2022-இல் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். பெரும்பாலான வருடங்கள் கொழிஞ்சாம்பாறை, முதலமடை சுற்றுவட்டாரம். இரண்டு வருடம் அட்டப்பாடி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தேன். மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே லயன் வீடுகள், எஸ்டேட் ஆஸ்பத்திரி என்று அமைப்பே வேறு. அதனால் நான் சொல்வதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதல் வேலை, வராதவர்கள் எல்லாரையும் நம்பாதவர்கள் என்று எழுதாமல் இருப்பது. பதிவேட்டில் "மறுப்பு" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் நம் பொறுப்பு அதோடு முடிந்துவிடுகிறது. அதனால் அந்த வார்த்தை மேல் நமக்கு ஒரு ஆசை உண்டு. மேற்பார்வையாளரான புதிதில், மறுப்பு என்று எழுதியிருந்த வீடுகளுக்கு ஒரு மழைக்காலத்தில் நானே ஒவ்வொன்றாக நடந்தேன். உண்மையாகவே மறுத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றவர்களின் கதை எல்லாம் வேறு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு, பொள்ளாச்சிப் பக்கம் போயிருப்பாள். குழந்தை அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, முதல் ஊசி அங்கேயே போட்டிருக்கும். மூன்றாம் மாதம் இங்கே வருவாள். கையில் தமிழ்நாட்டு அட்டை இருக்கும், நம் பதிவேட்டில் பெயர் இருக்காது. இங்கே ஊழியர் "அங்கேயே போய்ப் போட்டுக்கொள்" என்பார். அங்கே போனால் "நீ கேரளாக்காரி" என்பார்கள். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும் போனபின் அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். நாம் மறுப்பு என்று எழுதுவோம்.

முதலமடையில் மாங்காய்ப் பருவம் வந்தால் குடும்பம் குடும்பமாகத் தோப்புக் காவலுக்கும் பறிப்புக்கும் போய்விடுவார்கள். ஊசி போடும் புதன்கிழமை காலை அவர்களுக்கு வேலை நேரம். எனவே முதலில் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்: நேரமும் தூரமும் தடுத்தவர்கள் யார், பதிவேடு தடுத்தவர்கள் யார், பயம் தடுத்தவர்கள் யார். முதல் இரண்டு கூட்டத்துக்கும் விழிப்புணர்வு வகுப்பு தேவையே இல்லை. அவர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு முகாமும், எந்த மாநிலத்து அட்டையானாலும் வாங்கிப் பார்த்து அடுத்த ஊசியைப் போடும் ஒரு சிஸ்டரும் போதும்.

சரி, உண்மையாகவே பயந்தவர்களுக்கு வருவோம். எல்லைப் பகுதியில் மொழி செய்யும் வேலையை எல்லையை விட்டுத் தள்ளி இருக்கும் அதிகாரிகள் சரியாக உணர்வதில்லை. தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. கேரளத்தில் அதே முகாம் அக்டோபரில்தான். பிப்ரவரியில் தமிழ்நாட்டு வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்திகள் எல்லாம், நாங்கள் அக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்குப் போவதற்கு எட்டு மாதம் முன்பே எங்கள் காலனிகளில் வந்து உட்கார்ந்துவிட்டன. வதந்தி தமிழில் வந்தது. எங்கள் நோட்டீஸ் மலையாளத்தில் வந்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுதிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. ஆனால் குழந்தையின் காய்ச்சலுக்கு எத்தனை மில்லி மருந்து என்று சொல்லும் துண்டுச் சீட்டு தமிழில் கிடைக்க நான் பல வருடம் கெஞ்சியிருக்கிறேன். கடைசியில் நானே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன்.

இன்னொரு உதாரணம் சொன்னால் நன்றாகப் புரியும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் எல்லார் முன்னாலும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி இறந்துவிட்டார். அந்த வாரம் எங்கள் முகாமுக்குத் தமிழ் பேசும் தெருக்களிலிருந்து கூட்டம் சட்டென்று குறைந்தது. மலையாளம் பேசும் சக ஊழியர்களுக்குக் காரணம் புரியவில்லை. அந்த மனிதர் தமிழ்க் குடும்பங்களுக்கு யார் என்பது தெரிந்தால்தானே புரியும். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்துச் சொன்னது. ஆனால் அது வெளியானபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம் அந்த இடம் காலியாகக் கிடந்தது. காலி இடத்தில் யாரோ ஒருவர் வந்து பேசத்தான் செய்வார்கள்.

மறுநாள் என்று நான் சொல்வது இதைத்தான். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது வரப்பட்டிப் பெண் ஒருத்தி. ஒன்றரை மாதக் குழந்தைக்கு முதல் ஊசி. அன்று ராத்திரி குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, தொடை வீங்கி, விடிய விடிய அழுகை. அவளிடம் ஊசி போட்ட சிஸ்டர், "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த சிஸ்டர் நல்ல மனசுக்காரர். தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னார். ராத்திரி ஒன்று ஆனவுடன் அந்த வார்த்தை பொய்யாகிவிட்டது. மாமியார், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். மறுநாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த புதன்கிழமை அந்தச் சந்தில் மூன்று வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. நான் போனபோது அந்தப் பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "காய்ச்சல் வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேனே, சிஸ்டர்?"

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை என்று பார்ப்போம். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் இந்தியாவிலேயே முதலில், 2011 டிசம்பரில், வந்தது. அதில் கக்குவான் இருமலுக்கான பகுதிதான் பெரும்பாலும் காய்ச்சலுக்குக் காரணம். பாதிக் குழந்தைகள் வரைக்கும் காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணிந்துவிடும். தட்டம்மை, ருபெல்லா ஊசி உயிருள்ள வலுக்குறைந்த கிருமியால் ஆனது. அதன் காய்ச்சல் அன்றைக்கே வராது, ஒரு வாரம் கழித்து, ஏழு முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் வரும். சிலருக்கு மேலில் லேசாகப் பொரியும். இந்த நாள் கணக்கு தெரியாத ஊழியர், பத்தாம் நாள் காய்ச்சலோடு வந்த குழந்தையைப் பார்த்துத் தானே குழம்பிப்போவதைக் கண்டிருக்கிறேன். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரலாம். வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரியும். அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். அந்த ஒவ்வாமைக்கான மருந்தான அட்ரினலின் அந்த அறையிலேயே தயாராக இருப்பதும் அதற்காகத்தான். இவற்றை அம்மாவிடம் மறைக்க எந்தக் காரணமும் இல்லை. சொன்னால் பயப்படுவார்கள் என்பது நம் பயம். முன்கூட்டிச் சொன்ன காய்ச்சல் வந்தால், சொன்னவர் மேல் நம்பிக்கை கூடுகிறது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

மறுநாள் யாரும் வராவிட்டால் ஒரு மாநிலத்துக்கே என்ன ஆகும் என்பதற்கு ஆந்திர எல்லையில் ஒரு துக்கமான உதாரணம் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாடு கிராமத்தில் வைத்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அதை மாற்றியது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2005-06-இல் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் சுமார் 81 சதவீதம் பேர் எல்லா அடிப்படை ஊசியும் போட்டிருந்தார்கள். 2015-16-இல் அது சுமார் 70. அப்புறம் 2019-21-இல் சுமார் 89-க்கு ஏறியது. இவை பதிவான எண்கள். ஆனால் அந்தச் சரிவுக்கு நான்கு மரணங்களின் பயம் காரணமா, நிலையம் தூரமானது காரணமா, இரண்டுமா என்பதை அந்த எண்களே சொல்லாது. என் ஊகம், தூரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது, அப்போது அதில் நியாயமும் இருந்தது. ஆனால் சிஸ்டர் தெருவுக்கு வருவது நின்றால், காய்ச்சல் கண்ட மறுநாள் கேட்க ஆள் இல்லாமல் போகிறது. (கேரளம் இந்த விஷயத்தில் எப்போதும் முன்னால் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அதே 2019-21 கணக்கெடுப்பில் கேரளம் சுமார் 78 சதவீதம்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் அந்தப் பக்கத்திடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது.)

இன்னொன்று, பழங்குடி மக்களோடு வேலை செய்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2009-இல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் (இப்போது தெலங்கானா) குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைச் சிறுமிகளுக்குச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணையில் வந்தது. பாம்புக் கடி, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள். ஆனால் அதே விசாரணையில் வேறொன்றும் வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிதான் அது, நான் அதை முழுமனதோடு பரிந்துரைப்பவள். கேட்காமல் போட்டதும் ஒரு காரணமாக அது தேசியத் திட்டத்துக்குள் வராமல் பத்து வருடத்துக்கு மேல் வெளியே நின்றது. இருளர் வீட்டிலோ இரவாளர் வீட்டிலோ ஒரு தாத்தா "எங்க புள்ளைங்களை வெச்சுப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டால் அதை அறியாமை என்று தள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்கு நாட்டில் ஆதாரம் இருக்கிறது. "நடந்தது தப்பு. நான் உங்களைக் கேட்காமல் தொட மாட்டேன்" என்று சொல்லுங்கள், அப்படியே நடங்கள்.

இப்போது உங்கள் ஊழியர்கள். கேள்வியில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், என் பார்வையில் இதுதான் பாதி விஷயம். அம்மாக்கள் நம் முகத்தைப் படிக்கிறார்கள். இப்போது மூன்றரை மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று ஊசி, அதோடு போலியோ, ரோட்டா சொட்டு மருந்து. போடுகிறவருக்கே "இத்தனையும் ஒன்றாகவா?" என்று உள்ளே ஒரு நடுக்கம் இருந்தால், இரண்டைப் போட்டுவிட்டு, "மூன்றாவதை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று குரலைத் தாழ்த்துவார். அந்தத் தாழ்ந்த குரலை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோவார். அந்த ஊழியரைக் கண்டித்துப் பயனில்லை. சேர்த்துப் போடுவதால் பாதுகாப்பு குறைவதில்லை, தள்ளிப் போட்டால் குழந்தை அந்த இடைவெளியில் பாதுகாப்பின்றி இருக்கிறது என்பதை யாராவது அவருக்கு உட்காரவைத்துச் சொன்னார்களா என்று பாருங்கள். எங்கள் பயிற்சிகளில் பெரும்பாலும் எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்றுதான் சொன்னார்கள்.

2021 ஜனவரி 16 அன்று கொரோனா ஊசி சுகாதார ஊழியர்களுக்கு முதலில் தொடங்கியபோது, தயங்கியவர்களில் நர்சுகளும் டாக்டர்களும் நிறைய இருந்தார்கள். கோவாக்சினின் மூன்றாம் கட்ட முடிவு அப்போது வந்திருக்கவில்லை. அதைப் போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்த மூத்த சிஸ்டர் ஒருவர், "இருபத்தஞ்சு வருசம் ஊசி போட்ட கை இது. முடிவு வராத மருந்தை நான் ஏன் போட்டுக்கணும்?" என்றார். மேலே இருந்து வந்த பதில், "ஏன் போடவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடு". அவர் கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததை, தெரியாததைப் பிரித்துச் சொன்னேன். உடனடி ஆபத்து பற்றிய தகவல் முந்தைய கட்டங்களிலேயே இருக்கிறது, எவ்வளவு தடுக்கும் என்ற எண் இன்னும் வரவில்லை என்றேன். மார்ச்சில் இடைக்கால முடிவு வந்த பிறகு அவராகவே வந்து போட்டுக்கொண்டார். அதன் பிறகு தயங்கியவர்களிடம் பேச அவரைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. "நானும் பயந்தேன் கண்ணு" என்று அவர் தொடங்கினால் எதிரே இருப்பவர் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். தயங்கும் ஊழியரை ஒதுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஊழியர்களுக்கும் ஒரு மறுநாள் உண்டு. ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்கு ஜன்னி வந்துவிட்டது என்று வையுங்கள். ஊரே கூடி நிற்கும். அந்த நேரத்தில் மருத்துவர் அந்த ஜே.பி.எச்.என். பக்கத்தில் வந்து நிற்கிறாரா, அல்லது "யார் போட்டது?" என்று முதல் கேள்வி கேட்கிறாரா? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இரண்டாவதுதான் நடந்தது. குழந்தை பிழைத்து நன்றாகிவிட்டது, ஊசி போட்ட முறையில் தப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் அதன் பிறகு ஒவ்வொரு ஊசியையும் பயந்து பயந்து போட்டார். லேசாகச் சளி இருந்தால்கூடத் திருப்பி அனுப்பினார். அங்கே அதன் பிறகு எண்ணிக்கை குறைந்ததற்கு மக்களைக் குறை சொல்வது எப்படி நியாயம்? பாதகம் நேர்ந்தால் பதிவு செய்து, மாவட்டக் குழு விசாரித்து, காரணம் கண்டுபிடிக்க முறை இருக்கிறது. அந்த விசாரணையின் முடிவு பெரும்பாலும் கீழே வருவதில்லை. போட்டவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. நீங்கள் அங்கே இருக்கும்வரை அதை எழுதிக் கேட்டு வாங்கி, இரண்டு பேருக்கும் அவரவர் மொழியில் படித்துக் காட்டுங்கள்.

என்ன வார்த்தை சொல்வது என்பது பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே எனக்கு உறுதி குறைவு. 2014-இல் அமெரிக்கப் பெற்றோரிடம் நடந்த ஒரு ஆய்வில், தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வராது என்று விளக்கியபோது தவறான எண்ணம் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே அதிக எதிர்ப்பு இருந்தவர்களிடம் ஊசி போடும் விருப்பமும் சேர்ந்து குறைந்தது. இந்த எதிர்விளைவு எல்லா இடத்திலும் அப்படியே திரும்ப வந்ததில்லை. அதனால் வதந்தியை மறுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மறுப்பதால் மட்டும் ஆள் வந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். அதே நாட்டில் ஓக்லாண்ட் நகரில் கறுப்பின ஆண்களிடம் நடந்த ஆய்வில், கறுப்பின மருத்துவர் பார்த்தபோது ரத்தப் பரிசோதனை போன்றவற்றுக்கு அவர்கள் அதிகம் சம்மதித்தார்கள். தமிழ்த் தெருவுக்குத் தமிழ் பேசும் ஆஷாவை (வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்) அனுப்பச் சொல்வதற்கு இது ஓரளவு துணை நிற்கும். ஆனால் வயது வந்த ஆண்கள், வேறு நாடு, வேறு வரலாறு. நம் ஊரில் ஒரே மொழி பேசினாலும் சாதி குறுக்கே நிற்கும். மொழி தெரிந்த ஆஷா அந்த வீட்டு வாசலோடு நின்றுவிட்டால், மொழி தெரிந்தும் பயன் என்ன?

எங்கள் பக்கம் அருந்ததியர் தெரு ஒன்று உண்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று மூன்று மொழியில் வாழ்கிறவர்கள். முதல் தடவை நான் போனபோது ஒரு ஆத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். வாங்கிக் குடித்தேன். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் குடித்ததில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று நான் ஊசி பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த மாதம் அந்த ஆத்தாவே இரண்டு பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதை ஒரு உத்தியாக உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. தாகமில்லாமல் நடித்துக் குடித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மணல்வாரி, அதாவது தட்டம்மை, பற்றியும் சொல்ல வேண்டும். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் இருப்பார்கள். இளம் வயதில் நான் வாதாடி வாதாடித் தோற்றேன். பிறகு விட்டுவிட்டேன். வேப்பிலை இருக்கட்டும், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், "ஆத்தா இறங்கும்போது பிள்ளைக்குக் கண்ணு கெடாம இருக்க இந்தச் சொட்டைக் குடுங்க அம்மிணி" என்று வைட்டமின் ஏ கொடுப்பேன். இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டியது அது. மறுநாளும் போக அது ஒரு சாக்கு. தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு, அந்தத் தெருவில் ஊசி போடாத மற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள். தட்டம்மை காற்றில் பரவும் வேகத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போட்டிருந்தால்தான் அது நிற்கும். அதனால் மிச்சமிருக்கும் அந்தச் சில வீடுகளுக்காக இவ்வளவு நடப்பது வீண் இல்லை. மலப்புறத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) திரும்ப வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனதும், 2022 கடைசியில் தட்டம்மை பரவியதும் நமக்குப் பக்கத்து மாவட்டத்துச் சேதி.

அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த மாத வகுப்பைத் தள்ளி வைப்பேன். முதல் வாரம் ஊழியர்களோடு மட்டும் ஒரு மதியம் உட்காருவேன். எழுதப் பேப்பர் கொடுத்து, பெயர் போடாமல் அவரவர் சந்தேகத்தை எழுதச் சொல்லி, மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களில் எத்தனை பேர் தங்களுக்கே மஞ்சள் காமாலை பி ஊசி மூன்றும் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்பேன். தினமும் ரத்தத்தைத் தொடுகிற கைகள் அவை, யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை. மருந்துக் குப்பியில் இருக்கும் வட்டத்தையும் உள்ளே இருக்கும் சதுரத்தையும் ஊசிக்கு முன் அம்மாவுக்குக் காட்டச் சொல்வேன். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிடம்கூட ஆகாது, பார்த்த அம்மா அடுத்த வீட்டில் போய்ச் சொல்வார். பொள்ளாச்சிப் பக்கம் எந்த செவிலியர் பொறுப்பு என்று கேட்டு அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வேன். இரண்டு மாநிலக் கணினிகளும் பேசிக்கொள்ளும்வரை இரண்டு சிஸ்டர்கள் பேசிக்கொள்ளட்டும். அப்புறம், வியாழக்கிழமை காலையை எந்த மீட்டிங்கும் இல்லாமல் காலியாக வைப்பேன், புதன்கிழமை ஊசி போட்ட வீடுகளுக்குப் போக. எல்லா வீட்டுக்கும் போக முடியாது. முதல் ஊசி போட்ட வீடு, தயங்கித் தயங்கி வந்த வீடு, இந்த இரண்டுக்கு மட்டுமாவது போக வேண்டும்.

கடைசி வரை மறுக்கும் வீட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். போலீசையோ ரேஷன் கார்டையோ காட்டி மிரட்டாதீர்கள், அப்படிப் போட்ட ஊசியை அந்தத் தெரு இருபது வருடம் மறக்காது. போய்க்கொண்டே இருங்கள், ஒவ்வொரு தடவையும் ஊசி பற்றிப் பேசாமல். சில வீடுகள் எனக்கு வரவே இல்லை. அவற்றில் ஒரு வீட்டுப் பெண் தன் பிள்ளைக்குப் போடாமல் வளர்த்து, பேரனுக்குத் தானே கொண்டுவந்து போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தமிழ்ச் சீட்டை உங்களுக்கு அப்படியே தருகிறேன், ஒன்றரை மாத ஊசிக்கானது: "இன்று உங்கள் பிள்ளைக்குப் போட்ட ஊசியால் இன்று ராத்திரியும் நாளையும் காய்ச்சல் வரலாம். தொடை வீங்கி வலிக்கலாம், பிள்ளை அழும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். வீக்கத்தைத் தேய்க்க வேண்டாம். காய்ச்சல் மருந்தை எழுதித் தந்த அளவு மட்டும் கொடுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால், பால் குடிக்காவிட்டால், ஜன்னி வந்தால், அல்லது உங்களுக்கே பயமாக இருந்தால், எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். நாளைக் காலை நான் வீட்டுக்கு வருவேன்." நம்பரைப் பெரிதாக எழுதுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் போக முடியாத வாரத்தில் மட்டும் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள்.